ட்ராக் செய்பவர் தன்னை ஆணாக நினைக்கிறாரா, பெண்ணாகவா?

கல்லூரிக் காலத்திலிருந்து கூடவே இருக்கும் நண்பன் ஒருவன் இப்போது ட்ராக் (drag, பாலினத்தை மிகைப்படுத்தி வேடமிட்டு மேடையேறும் கலை) செய்ய ஆரம்பித்திருக்கிறான், மேடையில் பெண் பெயரோடும் பெரிய விக்கோடும் வந்து பாட்டுக்கு வாயசைத்துக் கூட்டத்தைக் கலக்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "இவர்கள் தங்களை ஆணாக நினைக்கிறார்களா, பெண்ணாக நினைக்கிறார்களா?" என்பது உங்கள் கேள்வி. பொதுவான கேள்வி மாதிரி எழுதியிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது உங்கள் நண்பனைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது. அவனுக்கு இது வெறும் கலையா, இல்லை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறானா? நாளைக்கு "நான் பெண்" என்று வந்து நிற்பானா? அதையே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் நாடகத் துறையில் பாடம் நடத்துகிறவன். மேடையில் பாலினம் எப்படி உருவாக்கப்படுகிறது என்பதுதான் என் பாடம். அதற்காகவே பல வருடங்களாக ட்ராக் கலைஞர்களின் ஒப்பனை அறைகளில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை, ட்ராக் செய்பவனும் இல்லை. முன்பின் பார்த்திராத உங்கள் நண்பன் மனதில் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து சொல்வது ஜோசியம். ஆனால் இந்தக் கேள்விக்குக் கலைஞர்கள் தாங்களே என்ன பதில்கள் சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். மேடையில் போடும் வேடம் ஒன்று. மனதுக்குள் தன்னை யாராக உணர்கிறோம் என்பது வேறொன்று. யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பது மூன்றாவது. ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. ஆஸ்திரேலிய நகைச்சுவை நடிகர் பேரி ஹம்ஃப்ரீஸ், பின்னாளில் டேம் எட்னா என்று புகழ்பெற்ற எட்னாவாக 1955-ல் மெல்போர்னில் முதன்முதலில் மேடையேறினார். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பெண்மணியாக நடித்துச் சிரிக்க வைத்தார். நான்கு முறை பெண்களைத் திருமணம் செய்துகொண்ட ஆண் அவர். எட்னா அவருக்கு ஒரு பாத்திரம், அவ்வளவுதான். 2014-ல் ஆஸ்திரியாவுக்காக யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்ற கொன்சீட்டா வூர்ஸ்ட், தாடியும் நீளப் பாவாடையுமாக வந்தவர். அவரை உருவாக்கிய டாம் நாய்விர்ட் தான் ஒரு கே ஆண் (ஆண்கள் மீது ஈர்ப்புள்ள ஆண்) என்றும், கொன்சீட்டா தன் மேடைப் பாத்திரம் என்றும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். இதற்கு நேர் எதிரே கொக்சினெல். 1950-களில் பாரிஸின் மதாம் ஆர்த்தர், கரூசெல் அரங்குகளில் பெண் வேட நட்சத்திரமாக இருந்தவர் 1958-ல் காசாபிளாங்காவுக்குப் போய்ப் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆண் ஒருவர் பெண்ணாக வேடம் போடுவதைப் பார்க்கிறோம் என்று நினைத்துத்தான் கூட்டம் டிக்கெட் வாங்கியது. மேடையில் நின்றவரோ தன்னைப் பெண்ணாகவே உணர்ந்தவர். மூன்று பேருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தொழில். உள்ளே மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள்.

அமெரிக்க ட்ராக் கலைஞர் ருபால் நடத்தும் ட்ராக் ரேஸ் என்ற தொலைக்காட்சிப் போட்டியை நீங்களும் பார்த்திருக்கலாம். 2009-ல் தொடங்கிய அந்தப் போட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். 2021-ல் காட்மிக் என்ற திருநம்பி அதில் போட்டியிட்டார். பிறப்பில் பெண் என்று சொல்லப்பட்டு, ஆணாக வாழ்ந்து, மேடையில் மறுபடி பெண்ணாக வேடமிடுகிறவர். அதே ஆண்டு பிரிட்டன் பதிப்பில் விக்டோரியா ஸ்கோன் என்ற பெண், ட்ராக் குயினாக, அதாவது பெண் வேடமிடும் கலைஞராக வந்தார். அடுத்த ஆண்டு மேடி மார்ஃபோசிஸ் என்ற, பெண்கள் மீது ஈர்ப்புள்ள ஆண் வந்தார். பெண்ணே ஏன் பெண் வேடம் போட வேண்டும் என்று என் வகுப்பில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். ட்ராக் காட்டுவது ஊதிப் பெருக்கிய பெண்மையை. அந்த அளவுக்கு ஊதிப்போனால் அது பெண்களுக்கும் வேடம்தான்.

சரி, இவ்வளவு வகை இருக்கிறது என்பது பதிலின் பாதிதான். தங்களுக்குள் அவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? இந்தப் பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவில் ஜூலியன் எல்டிஞ்ச் என்ற பெண் வேடக் கலைஞர் உச்சத்தில் இருந்தார். 1912-ல் நியூயார்க்கில் ஓர் அரங்குக்கே அவர் பெயரை வைத்தார்கள். மேடைக்கு வெளியே தன் ஆண்மையை விளம்பரப்படுத்துவதில் அவர் ரொம்பக் கவனமாக இருந்தார். குத்துச்சண்டை போடுவது மாதிரியெல்லாம் படம் எடுத்துப் பரப்பினார். இங்கிலாந்தில் ஆண் வேடமிட்டுப் புகழ்பெற்ற வெஸ்டா டில்லி இதையே தலைகீழாகச் செய்தார். மேடையில் மிடுக்கான இளைஞன், வெளியே நல்ல நகையும் நாகரிக உடையும் அணிந்த சீமாட்டி. இவர்கள் உள்ளுக்குள் என்ன உணர்ந்தார்கள் என்பதற்கு இந்தப் படங்களைச் சாட்சியாக எடுக்க முடியாது. "இது நடிப்பு மட்டுமே" என்று சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. சொல்லவில்லை என்றால் பிழைப்பு போய்விடும்.

1960-களின் நடுவில் எஸ்தர் நியூட்டன் என்ற மானுடவியலாளர் சிகாகோவிலும் கன்சாஸ் சிட்டியிலும் பெண் வேடக் கலைஞர்களோடு பழகி ஆய்வு செய்தார். 1972-ல் அது புத்தகமாக வந்தது. அவர் பார்த்தவர்களில் இரண்டு சாரார் இருந்தார்கள். ஒரு சாராருக்கு இது மேடைத் தொழில். வேலை முடிந்ததும் உடையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஆணாகத் தெருவில் நடப்பார்கள். இன்னொரு சாரார் இளையவர்கள், ஏழைகள். மேடைக்கும் தெருவுக்கும் நடுவில் அவர்கள் பெரிதாகக் கோடு போடவில்லை. முதல் சாரார் இரண்டாம் சாராரைக் கேவலமாகப் பேசினார்கள். எனக்கு இதில் ஆர்வமூட்டுவது, நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் சிலர் விக்கைக் கழற்றிக் காட்டும் வழக்கம். இவ்வளவு நேரம் நீங்கள் பார்த்தது ஓர் ஆணை என்று கடைசியில் போட்டு உடைப்பது. அது சாமர்த்தியத்துக்குக் கைதட்டல் வாங்கும் தந்திரம், கூடவே ஒரு பாதுகாப்பும்கூட.

முப்பது வருடம் கழித்து, ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் தீவில் லைலா ரப், வெர்டா டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு ட்ராக் குழுவோடு பழகி 2003-ல் எழுதியதைப் பார்த்தால் பேச்சே மாறியிருக்கிறது. அந்தக் குழுவில் பெண்ணாக மாறலாமா என்று ஒரு காலத்தில் யோசித்தவர்கள் இருந்தார்கள். இதைத் தொழிலாக மட்டும் பார்த்தவர்களும் இருந்தார்கள். இரண்டு வகையினருமே ட்ராக் குயின் என்பதையே ஓர் அடையாளமாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டால் இரண்டிலும் முழுசாக அடங்காத ஒன்று. நான் பேசியவர்களில் வயதில் மூத்தவர்கள் பலர் இந்த மாதிரிதான் பேசுகிறார்கள். "நான் ஆம்பளைதான், ஆனா வெறும் ஆம்பளை இல்ல" என்று ஒருவர் சொன்னார். விளக்கம் கேட்டால் எரிச்சலோடு சிரிப்பார். இளையவர்கள் நான்-பைனரி (ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவர்), ஜெண்டர் ஃப்ளூயிட் (பாலின உணர்வு மாறிக்கொண்டிருப்பவர்) என்று சொல்லிவிடுகிறார்கள். ஆஸ்திரேலிய ட்ராக் கலைஞர் கோர்ட்னி ஆக்ட் தன்னை ஜெண்டர் ஃப்ளூயிட் என்றுதான் குறிப்பிடுகிறார். உணர்வு புதிதா, பெயர் மட்டும் புதிதா என்பது விவாதத்துக்குரியது. என் ஊகம், பலருக்குப் பெயர்தான் புதிது.

பழைய ஆட்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். மார்ஷா பி. ஜான்சனும் சில்வியா ரிவேராவும் 1970-ல் நியூயார்க்கில், தெருவில் வாழ்ந்த இளைஞர்களுக்காக அமைப்பு தொடங்கியவர்கள். ட்ராக் குயின், கே, டிரான்ஸ்வெஸ்டைட் (எதிர்ப்பாலின உடை அணிபவர்) என்று எல்லாச் சொற்களையும் தங்களுக்குப் பயன்படுத்தினார்கள். இன்று நாம் திருநங்கை என்று எதைச் சொல்கிறோமோ அதற்கான சொல் அன்று பரவலாகப் புழக்கத்தில் இல்லை. இன்றிருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. இன்னும் பின்னால் போனால் ஜப்பானின் கபுகி நாடக மரபில் யோஷிசாவா அயாமே என்ற நடிகர் இருக்கிறார். 1629-ல் பெண்கள் மேடையேறக் கூடாது என்று ஜப்பானில் தடை வந்த பிறகு வளர்ந்த பெண் வேட மரபில் பெரிய பெயர் அவர். 1729-ல் இறந்தார். மேடையில் நல்ல பெண்ணாக வர வேண்டும் என்றால் அன்றாட வாழ்விலும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பது அவர் போதனை. அவருக்கு மகன்கள் உண்டு, அவர்களும் நடிகர்களானார்கள். இவரை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?

பெட்டிகளைப் பற்றிச் சொன்னால் பால்ரூம் உலகத்தை, அதாவது அமெரிக்கக் கறுப்பின, லத்தீன் கே ஆண்களும் திருநங்கைகளும் உருவாக்கிய ஆட்ட, அலங்காரப் போட்டிகளின் உலகத்தை, சொல்லாமல் இருக்க முடியாது. 1967-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் அழகுப் போட்டியில் வெள்ளைப் போட்டியாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்கிறார்கள் என்று கிறிஸ்டல் லபேஜா என்ற கறுப்பினக் கலைஞர் மேடையிலிருந்து வெளியேறினார். பிறகு 1970-களின் தொடக்கத்தில் லபேஜா ஹவுஸ் உருவானது. அப்படித் தொடங்கியதுதான் ஹவுஸ் முறை. ஒவ்வொரு ஹவுஸிலும் தாய், தந்தை, பிள்ளைகள் என்று உறவு. அந்த உலகம் தனக்கென்று ஒரு பாலினக் கணக்கையே வைத்திருக்கிறது. டெட்ராய்ட் நகரின் பால்ரூமைப் பற்றி எழுதிய மார்லன் பெய்லி ஆறு வகை சொல்கிறார். கே ஆண்கள் புட்ச் குயின். திருநங்கைகள் ஃபெம் குயின். ட்ராக் போட்டு வரும் கே ஆண்கள் புட்ச் குயின் அப் இன் ட்ராக், அதாவது தனி வகை. அப்புறம் புட்ச் (திருநம்பிகள், ஆண் தோற்றத்தில் வரும் பெண்கள்), பெண், ஆண். கவனித்தீர்களா? வேடம் போடும் ஆணும் திருநங்கையும் அங்கே இரண்டு தனித்தனி வகை. வெளியே இருக்கும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்ளும் விஷயத்தை அவர்கள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள்.

இனி ஒப்பனை அறைக்கு வருகிறேன், உங்கள் நண்பன் விஷயத்துக்கு அதுதான் பக்கம். ஒரு முகம் தயாராக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். புருவத்தைப் பசைக்குச்சியால் அழுத்தி ஒட்டி, பவுடர் போட்டு மறைத்து, அதற்கு மேலே நெற்றியில் புதுப் புருவம் வரைவார்கள். கன்னத்திலும் மூக்கிலும் நிழல் கொடுத்து எலும்பையே மாற்றுவார்கள். இடுப்புக்கு ஃபோம் பேடு, அதன் மேல் இரண்டு மூன்று அடுக்கு டைட்ஸ், இடுப்பை இறுக்கும் கோர்செட், கடைசியில் விக். ஆண் வேடமிடும் ட்ராக் கிங் என்றால் மார்பைக் கட்டி, தாடையை நிழலால் சதுரமாக்கி, வெட்டிய முடித்துகளைப் பசையில் ஒட்டித் தாடி வைப்பார்கள். எந்த இடத்தில் அந்த ஆள் 'வந்து இறங்குகிறார்' என்று நான் எல்லோரிடமும் கேட்பேன். உதட்டுச் சாயம் என்பார் ஒருவர், விக் என்பார் இன்னொருவர், ஹீல்ஸ் போட்டதும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும் என்பார் மற்றொருவர். அந்த நொடிக்குப் பிறகு குரல் மாறுகிறது, நாக்கும் கூர்மையாகிறது. பகலில் ஓட்டலில் காபி சரியில்லை என்றுகூடச் சொல்லத் தயங்குகிறவர் முன்வரிசை ஆளை எழுப்பி நிற்க வைத்துக் கலாய்க்கிறார்.

அந்தப் பாத்திரம் தங்களுக்கு யார் என்று கேட்டால் பதில்கள் பிரிகின்றன. சிலர் "அவள்" என்று மூன்றாம் ஆளாகவே பேசுவார்கள்: அவள் அப்படிச் செய்வாள், நான் செய்ய மாட்டேன். சிலர் அது நானேதான், பயத்தைக் கழித்த நான் என்பார்கள். சிறுவயதில் நடையைப் பார்த்து, குரலைக் கேட்டுக் கேலி செய்யப்பட்டவர்கள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். எதை வைத்து அடித்தார்களோ அதையே பத்து மடங்காக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டிக் கைதட்டல் வாங்குவதில் ஒரு கணக்குத் தீர்ப்பு இருக்கிறது. நான் கேட்ட பதில்களில் பெண்ணாக வேண்டும் என்ற ஆசையைவிட, ஆணாக இருப்பதற்கான கட்டுப்பாடுகளிலிருந்து கொஞ்ச நேரம் விடுமுறை வேண்டும் என்பதுதான் அதிகம். கிங்குகளிடம் இது வேறு மாதிரி. ஆண் வேடம் போட்டதும் மேடையில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது தெரிந்தது என்கிறார்கள். நான் அதிகம் பழகியது குயின்களோடு, அதனால் இதை ஒரு படி குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மேடை வாசலாக அமைந்தவர்களும் இருக்கிறார்கள், இதை மறைக்கக் கூடாது. ட்ராக் ரேஸின் இரண்டாம் பருவத்தில் போட்டியிட்ட சோனிக், 2010-ல் அதே பருவத்தின் மறுசந்திப்பு நிகழ்ச்சியில் தான் திருநங்கை என்று அறிவித்தார். 2021-ல் கைலி சோனிக் லவ் என்ற பெயரில், பழைய போட்டியாளர்கள் திரும்பி வந்து மோதும் ஆல் ஸ்டார்ஸ் பதிப்பில் பட்டத்தை வென்றார். இவரைப் போன்றவர்களை ட்ராக் மாற்றிவிட்டதா? இல்லை, உள்ளே ஏற்கெனவே இருந்த ஒன்று அவர்களை ட்ராக் பக்கம் இழுத்து வந்ததா? எது முதல் என்று வெளியிலிருந்து நிரூபிக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள், நான் அதைத்தான் நம்புகிறேன். பெண் உடையில் வெளியே போக ஊர் அனுமதித்த ஒரே இடம் மேடை என்றால், திருநங்கைகள் அங்கே வந்து சேர்வதில் ஆச்சரியம் என்ன? ட்ராக் செய்பவர்களில் எத்தனை சதவீதம் இப்படி என்று இணையத்தில் எண் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். கிடைக்கும் ஆய்வுகள் சின்னச் சின்னக் குழுக்களைப் பற்றியவை. அதிலும் பேசச் சம்மதித்தவர்கள் மட்டும்தான் பேசியிருக்கிறார்கள்.

ஒரு வித்தியாசத்தைப் பலரும் சொல்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்து எல்லாவற்றையும் கழற்றும் நேரம் எப்படி இருக்கிறது என்பது. பெரும்பாலானவர்களுக்கு அது விடுதலை. கோர்செட் அவிழ்ந்ததும் வரும் பெருமூச்சைக் கேட்டால் உங்களுக்கே புரியும். சிலருக்கு அது துக்கம். கண்ணாடியில் பழைய முகம் திரும்பி வரும்போது ஏதோ பறிபோன மாதிரி இருந்தது, அப்புறம்தான் இது வேடத்தைப் பற்றிய விஷயமே இல்லை என்று புரிந்தது என்று என்னிடம் சொன்ன திருநங்கைகள் உண்டு. உடனே உங்கள் நண்பன் மேக்கப் கலைப்பதை உற்றுப் பார்க்கப் போய்விடாதீர்கள். மெதுவாகக் கலைப்பவர் மூன்று மணி நேர உழைப்பு வீணாகிறதே என்று வருந்துகிறவராகவும் இருக்கலாம்.

நடிப்புதான் பாலினமே என்று யாரோ தத்துவவாதி சொன்னதாகக் கேள்விப்பட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். ஜூடித் பட்லர் அது. 1990-ல், ட்ராக்கைப் பார்த்தால் பாலினம் என்பதே மூலம் இல்லாத ஒரு நகல் என்று தெரிகிறது என்கிற மாதிரி வாதிட்டார். காலையில் எழுந்து அலமாரியிலிருந்து இன்றைக்கு எந்தப் பாலினம் என்று எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்பதாக அதைப் பலர் புரிந்துகொண்டார்கள். தான் சொன்னது அதுவல்ல என்று 1993-ல் அவரே மறுத்து எழுதினார். இந்த வாதத்தைத் தெரிந்த கலைஞர்களும் உண்டு, ஆனால் விக் மாட்டும்போது யாரும் அதை நினைத்துக்கொண்டு மாட்டுவதில்லை. பெண்களைக் கேலி செய்கிறதா ட்ராக் என்பது பழைய சண்டை. மர்லின் ஃப்ரை போன்ற பெண்ணியவாதிகள் 1980-களிலேயே ஆமாம் என்றார்கள். என்னைக் கேட்டால், பெண்களைக் கேலி செய்யும் ட்ராக் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து எழுந்து வந்திருக்கிறேன். மொத்தக் கலையையும் அதில் சேர்க்க மாட்டேன்.

அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018-ல் ருபால் ஒரு பேட்டியில், உடல் மாற்றச் சிகிச்சை தொடங்கிவிட்ட திருநங்கையைத் தன் போட்டியில் அனேகமாகச் சேர்க்க மாட்டேன் என்ற தொனியில் பேசினார். திருநங்கைக் கலைஞர்கள் கொதித்துப் போனார்கள், பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். ட்ராக் என்பது ஆண் பெண்ணாவதால் வரும் அதிர்ச்சி என்று நினைக்கும் தலைமுறைக்கும், ட்ராக் நான் செய்யும் வேலை, பெண் என்பது நான் என்று சொல்கிறவர்களுக்கும் நடந்த மோதல் அது. மூன்றே ஆண்டில் பட்டம் கைலிக்குப் போனது.

உங்கள் நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ட்ராக் செய்கிறான் என்பதிலிருந்து அவன் பாலினத்தைப் பற்றி எதுவும் தெரியவராது. "நீ பொண்ணா மாறப் போறியா?" என்று கேட்காதீர்கள். உண்மையிலேயே அப்படி ஏதாவது இருந்தால்கூட அந்தக் கேள்வி அவனை வாயை மூட வைக்கும். அந்தப் பாத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். பெயர் எங்கிருந்து வந்தது, அவள் எப்படிப்பட்டவள், அவளால் முடிகிற எது உன்னால் முடியாது என்று கேளுங்கள். தன் பாத்திரத்தைப் பற்றிப் பேசப் பிடிக்காத ட்ராக் கலைஞரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மேக்கப்பில் இருக்கும்போது மேடைப் பெயரையும் "அவள்" என்பதையும் பயன்படுத்துவது பரவலான வழக்கம். வெளியே எப்படிக் கூப்பிடுவது என்பதை மட்டும் ஒரு தடவை நேராகக் கேட்டுவிடுங்கள். என்றைக்காவது அவனே வந்து இது வேடம் மட்டும் இல்லை என்று சொன்னால், அப்போது பாலின விஷயத்தில் அனுபவமுள்ள ஆலோசகரிடம் கூடப் போகிற ஆளாக நீங்கள் இருக்கலாம். அதற்கு முன்னால் அந்தப் பேச்சை நீங்கள் தொடங்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நிகழ்ச்சிப் படங்களை இணையத்தில் போடும்போது அவனுடைய சொந்தக் கணக்கை டேக் செய்யாதீர்கள், மேடைப் பெயரில் உள்ள கணக்கு இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டு பெயரையும் யாருக்குச் சேர்த்துச் சொல்வது என்பது அவன் முடிவு. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் தெரியாமல் மேடையேறுகிறவர்கள் நிறைய, இந்த ஒரு டேக்கில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.